கூரையில் கறை! வெள்ளையடித்தால் போய்விடுமா?

மழைக்காலம் முடிந்ததும் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்.

"கூரையைப் பாருங்கள்! கறை பிடித்திருக்கிறதே!" என்பார் வீட்டு அம்மாள்.

"பொங்கல் வருகிறதல்லவா? ஒரு கை வெள்ளையடித்தால் சரியாகிவிடும்" என்பார் வீட்டுக்காரர்.

வெள்ளையடிக்கிறார்கள். கறை மறைகிறது. பொங்கலும் நல்லபடியாக முடிகிறது.

மாசி மாதம் அதே கறை மறுபடியும் எட்டிப் பார்க்கிறது! அடுத்த ஐப்பசியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. சில வருஷங்களில் காரை பெயர்ந்து விழுகிறது.

பணம் செலவழித்தும் பலன் இல்லை. அது ஏன்?

காரணம் எளிது. கறை தெரிவது கீழே. தண்ணீர் நுழைவது மேலே. நாம் கீழே மட்டும் பூசுகிறோம். மேலே ஏறிப் பார்ப்பதில்லை.

ஒரே நாளில் கொட்டும் மழை

தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அதிலும் சில நாட்களில் வானமே பொத்துக்கொண்டது போலக் கொட்டுகிறது.

2015-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்ததை யாரும் மறக்க முடியாது. 2023-ம் ஆண்டு டிசம்பர் 3, 4 தேதிகளில் 'மிக்ஜாம்' புயல் மழை சென்னையை உலுக்கியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெருமழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. 2024-ம் ஆண்டு 'பெஞ்சல்' புயலின்போது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது.

இந்தக் கணக்கை நம் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம்.

1,000 சதுர அடி மொட்டை மாடி. அதில் 10 சென்டிமீட்டர் மழை. மாடியில் விழும் தண்ணீர் 9 ஆயிரம் லிட்டருக்கு மேல்! அதாவது, தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி ஒன்று, முழு லாரியையும் நம் மாடியில் கொட்டிவிட்டுப் போவதற்குச் சமம். காயல்பட்டினத்து மழை என்றால் ஏறக்குறைய 10 லாரி!

இவ்வளவு தண்ணீரும் மழைநீர்க் குழாய் வழியாகக் கீழே இறங்க வேண்டும். குழாயின் வாயை இலை, தழை, பழைய துணி அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் சும்மா இருக்காது. எங்கே வழி என்று தேடும்.

எப்படி நுழைகிறது?

பழைய வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' என்ற கூரை இருந்தது. தேக்கு விட்டங்களைப் போட்டு, அவற்றின் மேல் செங்கற்களைச் சுண்ணாம்பில் நிறுத்தி அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்புவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள்.

இன்று எங்கும் கான்கிரீட் கூரை. கான்கிரீட் என்றால் கல் மாதிரி, தண்ணீர் புகாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பகல் வெயிலில் அது விரிகிறது. இரவில் சுருங்குகிறது. இப்படி விரிந்து சுருங்கி மயிரிழை போன்ற விரிசல்கள் உண்டாகின்றன. ஆகவேதான் கான்கிரீட்டின் மேலும் ஜல்லி போட்டுத் தட்டோடு பதிக்கும் வழக்கம் வந்தது. செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டவர்கள் மழையில் அவதிப்படுகிறார்கள்.

பெரும்பாலும் தண்ணீர் நுழையும் இடங்கள் இவைதான்:

மழைநீர்க் குழாயின் வாய்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை.

தண்ணீர்த் தொட்டியின் அடி.

குழாய்கள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம்.

டிஷ் ஆன்டெனா, சூரிய ஒளித் தகடு இவற்றின் கால்களுக்காகப் போட்ட துளைகள்.

விரிசலில் முளைத்த அரசஞ்செடி, ஆலஞ்செடி. சின்னச் செடிதானே என்று விடக்கூடாது. அதன் வேர் விரிசலைப் பிளந்துகொண்டு போகும்.

இன்னொரு விஷயம். கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று எண்ண வேண்டாம். தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, கான்கிரீட்டுக்குள் ஓடி, மின்சாரக் குழாய் வழியாகவோ மின்விசிறிக் கொக்கி வழியாகவோ வேறோர் இடத்தில் வெளிவரும்.

அபாயம் எது?

கறை அசிங்கம் மட்டும் அல்ல. அதன் பின்னால் அபாயம் இருக்கிறது.

கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. கூரையைத் தாங்குவது அதுதான். தண்ணீரும் காற்றும் சேர்ந்து கம்பியைத் தொட்டால் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளேயிருந்து கான்கிரீட்டைத் தள்ளும். முதலில் கம்பி ஓடும் நேரே ஒரு கோடு போல விரிசல் தெரியும். பிறகு காரை உப்பும். ஒருநாள் பெயர்ந்து விழும்.

கீழே கட்டில் இருக்கலாம். தொட்டில் இருக்கலாம். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை இருக்கலாம்.

கடற்கரை ஊர்களில் இந்தத் தொல்லை அதிகம். காற்றில் இருக்கும் உப்பு, கம்பியைச் சீக்கிரம் அரிக்கும். உப்புத் தண்ணீரில் கலவை போட்ட வீடுகளுக்கும் இதே கதிதான்.

கட்டடம் பெரும்பாலும் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கும். 2021-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி சென்னை திருவொற்றியூரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டமாயின. ஆனால் உயிர்ச்சேதம் இல்லை. விரிசலைக் கண்டு, குடியிருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறியிருந்தார்கள். எச்சரிக்கையை மதித்ததால் உயிர்கள் தப்பின.

கறையும், உப்பலும், விரிசலும் அப்படிப்பட்ட எச்சரிக்கைகள்தான். அவற்றின் மேல் வெள்ளையடிப்பது, எச்சரிக்கையைக் கண்ணில் படாமல் மறைப்பதாகும்.

அலங்காரக் கூரை

இப்போது புதிய வீடுகளில் அலங்காரக் கூரை போடுகிறார்கள். கான்கிரீட்டுக்குக் கீழே ஜிப்சம் பலகையைத் தொங்கவிட்டு 'பால்ஸ் சீலிங்' அமைக்கிறார்கள். சிலர் புள்ளி புள்ளியாக, அலை அலையாக, சொரசொரப்பான பூச்சுப் பூசுகிறார்கள். பார்க்க அழகுதான்.

ஆனால் ஒரு குறை. இந்த அலங்காரம் கான்கிரீட்டை மறைத்துவிடுகிறது. மேலே ஒழுகுவது முதலில் தெரிவதில்லை. பலகை நனைந்து, ஊறி, தொப்பை போலத் தொங்கும்போதுதான் தெரிகிறது.

ஜிப்சம் பலகை தண்ணீரில் ஊறித் தொங்கிவிட்டால், அது பழைய பலம் பெறாது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை போடுவதே சரி. மேலே பெயிண்டு பூசி ஏமாறக் கூடாது.

ஒழுகும்போது என்ன செய்வது?

மழை பெய்து கொண்டிருக்கிறது. தண்ணீர் சொட்டுகிறது. உடனே செய்ய வேண்டியவை:

விளக்கு, மின்விசிறி அருகே ஈரம் இருந்தால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்.

கட்டில், தொட்டில், பிள்ளைகள், பெரியவர்கள் யாவரையும் அந்த இடத்தைவிட்டு அகற்றுங்கள். வாளி வையுங்கள்.

பால்ஸ் சீலிங் தொப்பை போட்டிருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒதுங்கி நின்று, நீண்ட கம்பால் சிறு துளை போடுங்கள். தண்ணீர் வாளியில் இறங்கிவிடும். இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் பலகை மொத்தமாக விழும்.

கொட்டும் மழையிலும் இடியிலும் மொட்டை மாடிக்கு ஏறாதீர்கள். மழை விட்டதும் ஏறி, குழாய் வாயில் உள்ள அடைப்பை எடுங்கள்.

காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

மழை பெய்யும்போது மட்டும் கறை பெரிதாகிறதா? அப்படியானால் மொட்டை மாடியில் கோளாறு.

மழை இல்லாத நாளிலும் ஈரம் இருக்கிறதா? அப்படியானால் மேல்மாடிக் குளியல் அறை, கழிப்பறை, குழாய், தண்ணீர்த் தொட்டி இவற்றைச் சந்தேகியுங்கள்.

ஒரு நீளக் கம்பை எடுத்துக் கூரையை மெல்லத் தட்டிப் பாருங்கள். நேர் கீழே நிற்க வேண்டாம். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. 'டொப் டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் காரை விட்டுவிட்டது என்று அர்த்தம். அதைத் தட்டி எடுத்துவிட வேண்டும்.

துருப்பிடித்த கம்பி கண்ணுக்குத் தெரிந்தாலோ, கம்பி ஓடும் நேரே விரிசல் இருந்தாலோ, கூரை தொய்ந்திருந்தாலோ அது வீட்டு வேலை அல்ல. என்ஜினீயரை அழைத்துக் காட்டுங்கள். துருவை முழுதும் நீக்கி, கம்பிக்கு மருந்து பூசி, அதற்கென்று உள்ள கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். வெறும் சிமெண்டை அப்பினால் அது மறுபடியும் விழும்.

முதலில் மேலே

மராமத்துக்கு வரிசை உண்டு. முதலில் மேலே. பிறகு காய விட வேண்டும். கடைசியில்தான் கீழே.

மேலே செய்ய வேண்டியது இது. மாடியைக் கூட்டிக் கழுவிப் பாசியைத் தேய்த்து எடுங்கள். செடியை வேரோடு பிடுங்குங்கள். விரிசலைச் சற்று அகலமாக்கித் தூசி தட்டி, விரிசல் அடைக்கும் கலவையால் நிரப்பச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவரின் மூலையைச் சரிவாகப் பூசச் சொல்லுங்கள். தளத்துக்கு வாட்டம் முக்கியம். 10 அடிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் குழாய் வாயை நோக்கிச் சரிவு இருக்க வேண்டும். பிறகு தண்ணீர் புகாத பூச்சு இரண்டு தடவை. ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே மறு பூச்சு.

பூச்சு பூசினால் போதும், வாட்டம் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் எந்தப் பூச்சும் நெடுநாள் நிற்காது.

பிறகு காயட்டும்

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். மேலே அடைத்த மறுநாளே கீழே பெயிண்டு அடிக்கிறார்கள். கான்கிரீட் குடித்த தண்ணீர் ஒரே நாளில் காயாது. வாரக்கணக்கில் ஆகும்.

காய்ந்ததா என்று பார்க்கச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடி சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்து, கறை உள்ள இடத்தில் நான்கு பக்கமும் ஒட்டுங்கள். ஒருநாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக ஈரம் இருந்தால் இன்னும் காயவில்லை. பொறுங்கள்.

கடைசியில் கீழே

நன்றாகக் காய்ந்த பிறகு கீழ் வேலையைத் தொடங்கலாம். பூச்சு மட்டும் கெட்டிருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். ஏணி ஆடாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

உப்பிய பெயிண்டைச் சுரண்டி எடுங்கள். உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷால் தேயுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளே போகும்.

கறுப்புப் பூசணம் இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடையுங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அதனுடன் ஆசிட் எதையும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்! ஜாக்கிரதை! துடைத்த இடத்தை மறுபடியும் காய விடுங்கள்.

அடுத்து, கறையின் மேல் எண்ணெய் வகைப் பிரைமர் பூசுங்கள். இது முக்கியம். தண்ணீரில் கரைக்கும் பெயிண்டை நேராக அடித்தால், பழுப்புக் கறை அதில் கரைந்து மேலே வந்துவிடும். மாசியில் கறை எட்டிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்டு அடிக்கலாம்.

சொரசொரப்பான கூரையானால் இன்னொரு வேலை பாக்கி. ஒட்டுப் போட்ட இடம் வழவழப்பாக நின்றால் தனியாகத் தெரியும். பழைய பூச்சு எதனால் போட்டது என்று பாருங்கள். ஸ்பாஞ்சா, உருளையா, பிரஷா? அதே கருவியை வாங்கி, முதலில் ஓர் அட்டையில் போட்டுப் பழகுங்கள். கை படிந்த பிறகு கூரையில் போடுங்கள். ஓரத்தில் கனத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஒட்டுத் தெரியாது. கடைசியில் கூரை முழுவதற்கும் ஒரே பெயிண்டு அடித்துவிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த ஷீட்டைத் தேய்க்காதீர்கள், அறுக்காதீர்கள். அதிலிருந்து பறக்கும் நார் நுரையீரலைக் கெடுக்கும். வெளிநாடுகளில் பழைய வீடுகளின் சொரசொரப்பான கூரைப் பூச்சிலும் இந்த நார் கலந்திருப்பது உண்டு. அமெரிக்காவில், தெளித்துப் பூசும் பூச்சில் இதைச் சேர்ப்பதற்கு 1978-ம் ஆண்டு தடை வந்தது. அங்கே பழைய வீட்டில் குடியிருக்கும் உங்கள் பிள்ளைகள், சோதித்துப் பார்க்காமல் கூரையைச் சுரண்டக் கூடாது.

செலவு யாருடையது?

வீட்டுக்கு வீடு சண்டை வருவது இதில்தான்.

வாடகை வீடு: தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது. அதன்படி, கட்டட அமைப்பைச் சேர்ந்த மராமத்தும், குழாய் மாற்றுவதும், சுவருக்கு வெள்ளையடிப்பதும் பொதுவாக வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு. குடியிருப்பவரே சேதப்படுத்தியிருந்தால் கதை வேறு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

புதிதாக வாங்கிய அடுக்குமாடி வீடு: 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தில் பதிவான கட்டடமானால், வீட்டை ஒப்படைத்த நாளில் இருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டலாம். 30 நாளுக்குள் காசு வாங்காமல் கட்டியவர் சரிசெய்து கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். கறையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

பழைய அடுக்குமாடி வீடு: மொட்டை மாடி பொதுவாக எல்லோருக்கும் சொந்தம். ஆகவே அதன் மராமத்துச் செலவும் எல்லோருடையது. "ஒழுகுவது மேல்மாடிக்காரர் வீட்டில்தானே, எனக்கென்ன?" என்று கீழ்மாடிக்காரர் சொல்லக் கூடாது. கூரைக் கம்பி துருப்பிடித்தால் நஷ்டம் அந்த ஒரு வீட்டோடு நிற்காது.

அதே போல, மேல்வீட்டுக் குளியல் அறையில் இருந்து கீழ்வீட்டில் சொட்டினால், மேல்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது. இரண்டு வீட்டுக்காரரும் சேர்ந்து நின்று பார்த்தால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும்.

எந்த மாதம் நல்லது?

நம் ஊரில் வெள்ளையடிப்புக்கு மாதம் இருக்கிறது. போகிக்கு முன்னால் சுவரெல்லாம் பளபளக்கும். ஆனால் கூரை மராமத்துக்கு யாரும் மாதம் வைக்கவில்லை. மழை வந்த பிறகுதான் மேஸ்திரியைத் தேடுகிறார்கள். அப்போது அவருக்கு ஊரெல்லாம் வேலை. கூலியும் ஏறிவிடும். ஈரத் தளத்தில் பூச்சும் ஒட்டாது.

தை மாதம் கூரை இன்னும் ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தின் மேல் அடிக்கும் வெள்ளை, பணத்துக்குக் கேடு.

ஒரு யோசனை. தை மாதம் கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தேதியை எழுதி வையுங்கள். கறை வளர்கிறதா, நிற்கிறதா என்று தெரியும். பங்குனி, சித்திரையில் தளம் நன்றாகக் காய்ந்திருக்கும். மேல் வேலையை அப்போது முடியுங்கள். சிமெண்டு வேலை செய்தால் ஒரு வாரமாவது சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆடி, ஆவணியில் ஒரு நல்ல மழை பெய்தால் வேலை சரிதானா என்று தெரிந்துவிடும். கூரை ஒழுகவில்லை என்றால், புரட்டாசியில் கீழே பட்டி பார்த்துப் பெயிண்டு அடிக்கலாம். தீபாவளிக்கு வீடு தயார்!

பணம் குறைவாக இருந்தால் என்ன செய்வது? எது முதலில்? சந்தேகம் வேண்டாம். இருக்கும் பணத்தை மேலே போடுங்கள். கறை ஒரு வருஷம் இருந்தால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஒழுகல் ஒரு வருஷம் இருந்தால் ஆபத்து.

மாடியைக் கூட்டவும், குழாய் வாயை அடைப்பு இல்லாமல் வைக்கவும் காசு வேண்டாம். ஒரு துடைப்பமும் அரை மணி நேரமும் போதும். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போய் இந்த வேலையைச் செய்துவிடுங்கள்.